அத்தைக்கு வாசித்துக் காட்டிய ஆமிஷ் நாவல்கள்

கோத்தகிரியில் கடந்த மூன்று பனிக்காலங்களாக, மாலை ஆறு மணிக்குக் கணப்பில் சீகை விறகு நன்றாகப் பற்றிக்கொண்ட பிறகு, என் அத்தைக்கு ஒரு மணி நேரம் கதை வாசித்துக் காட்டுவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. அத்தைக்கு 81 வயது. இரண்டு கண்ணிலும் புரை நீக்கிய பிறகும் சிறிய எழுத்து அவருக்குத் தெரிவதில்லை. வேதாகமத்தைக் கைப்பேசியில் கேட்டுக்கொள்கிறார். கதைக்கு மட்டும் பக்கத்தில் ஆள் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்கிறார். நான் வாசிப்பவை ஆங்கில நாவல்கள் என்பதால், கண்ணால் ஆங்கிலத்தைப் படித்து வாயால் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். 30 ஆண்டுகள் ஆங்கில ஆசிரியையாக இருந்த எனக்கு அது பழகிய வேலைதான். ஆனாலும் ஒரு நாவலை இப்படி வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்லும்போது, மனத்துக்குள் படிக்கையில் கண்ணில் படாத குறையும் நிறையும் பளிச்சென்று தெரிந்துவிடுகின்றன. எழுதியவர் கண்ணால் பார்த்து எழுதியது தமிழில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அழகுக்காகச் சேர்த்தது நாக்கில் ஒட்டாது.

அந்த நாவல்கள் அனைத்தும் அமெரிக்காவின் ஆமிஷ் மக்களைப் பற்றியவை. குன்னூரில் ஓர் ஆலயத்தின் அறுப்பின் பண்டிகை விற்பனையில், ஊறுகாய்க்கும் கம்பளித் தொப்பிகளுக்கும் பக்கத்தில் இருந்த பழைய புத்தக மேஜையில், சணல் கயிற்றால் கட்டிய 14 புத்தகங்களை ஒரே கட்டாக வாங்கினேன். முதல் நாவலின் முதல் அத்தியாயம் முடிவதற்குள் அத்தை குறுக்கிட்டார். “இவங்க யாரு பாப்பா? நம்ம பிரதரன் சபைக்காரங்க மாதிரியா?”

கேள்வி சரியான இடத்தைத்தான் தொட்டது. நம் ஊர்ப் பிரதரன் சபையாரும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. 1525ஆம் ஆண்டு சூரிச் நகரில், குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விசுவாசித்தவர் தாமே அறிக்கையிட்டுப் பெறுவதே ஞானஸ்நானம் என்று துணிந்து, ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்ட ஒரு சிறு கூட்டத்திலிருந்து கிளைத்த மரபு அது. அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை 1527இல் லிம்மாத் ஆற்றிலேயே மூழ்கடித்துக் கொன்றார்கள். அந்த மரபுக்குள், 1693இல், யாக்கோப் அம்மான் என்ற மூப்பர், சபை விலக்கி வைத்தவரோடு ஒரே பந்தியில் உண்ணவும் கூடாது என்று பிடிவாதமாக நின்றதால் ஏற்பட்ட பிரிவினர்தான் ஆமிஷ் மக்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்கள் இன்று பென்சில்வேனியா, ஒஹையோ, இந்தியானா மாநிலங்களை மையமாகக் கொண்டு ஏறத்தாழ 4 லட்சம் பேர் இருக்கிறார்கள். கோயில் கட்டுவதில்லை, ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ஏதாவது ஒரு வீட்டிலோ களஞ்சியத்திலோ கூடி ஆராதிக்கிறார்கள். எதை உடுத்தலாம், எந்தக் கருவியை வைத்துக்கொள்ளலாம் என்பதையெல்லாம் ஒவ்வொரு சபையும் தனக்கென ஓர் ஒழுங்காக வகுத்துக்கொள்கிறது. ‘ஓர்ட்னுங்’ என்று அவர்கள் சொல்லும் அந்த ஒழுங்கு பெரும்பாலும் எழுதிவைக்கப்படுவதில்லை. நீலகிரியில் வாழ்பவர்களுக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை. படகர் ஊர்களான ஹட்டிகளின் ஊர்க்கட்டுப்பாட்டைப் பார்த்தவர்கள் நாம்.

ஒருவரோடு உட்கார்ந்து சாப்பிடலாமா கூடாதா என்ற கேள்வியிலிருந்து பிறந்த சமூகம் என்று நான் சொன்னதும் அத்தை சற்று நேரம் பேசவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அத்தை பிறந்தது சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில், 26ஆம் வயதில், மாமாவோடு சேர்ந்து, இன்னொரு சபையில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார். அந்த வாரமே மூக்குத்தி, வளையல், தாலி எல்லாவற்றையும் கழற்றினார். வெள்ளைப் புடவை, முக்காடு, சனிக்கிழமை இரவு உபவாச ஜெபம் என்று அவருடைய 55 ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. ஆகையால் நான் படித்துச் சொல்லும் ஆமிஷ் பெண்கள் அவருக்கு அதிசயப் பிறவிகள் அல்லர். பக்கத்து வீட்டுப் பெண்கள். அந்த நாவல்களைப் பற்றி நான் இங்கே எழுதுவதில் பாதி அவருடைய காதால் கேட்டது.

முதலில், இந்தக் கதைகளில் எதை நாங்கள் விரும்பினோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வேலையை இவை மதிக்கின்றன. ஒரு பெண் அதிகாலையில் எழுந்து மாவு பிசைவதற்கு இரண்டு பக்கம், ஆறு பேர் சேர்ந்து ஒரு ஒட்டுத்துணிப் போர்வையைத் தைப்பதற்கு ஓர் அத்தியாயம் என்று இடம் ஒதுக்குகின்றன. நான் கல்லூரியில் படித்த பெரிய நாவல்கள் பலவற்றில் சாப்பாடு மேஜைக்குத் தானாக வந்துவிடும். அதற்குப் பின்னால் இருந்த கைகளை யாரும் காட்டியதில்லை. இவை அந்தக் கைகளையே கதையின் நடுவில் வைக்கின்றன. ஒரு நாவலில் தாயும் மூன்று மகள்களும் பீச் பழங்களைத் தோலுரித்து, பாகில் இட்டு, கண்ணாடி ஜாடிகளில் அடைத்து, கொதிநீரில் வேகவைத்து, குளிர்காலத்துக்கு அடுக்கிவைக்கும் காட்சி வருகிறது. கோத்தகிரியில் பிளம்ஸ் பருவம் வந்தால் அத்தை 40 பாட்டில் ஜாம் போட்டவர். நான் வாசித்துக்கொண்டே போக, “வாயைத் துடைச்சாளா?” என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. “பாட்டில் வாயை, பாப்பா. பழம் ஊத்தினதும் சுத்தத் துணியை வெந்நீர்ல நனைச்சு விளிம்பைச் சுத்தித் துடைக்கணும். ஒரு சொட்டுப் பாகு ஒட்டியிருந்தாலும் மூடி பிடிக்காது. ஒரே மாசத்துல பூஞ்சை பூத்துடும்.” புத்தகத்தில் தேடினேன். துடைத்ததாக எழுதவில்லை. “அப்ப அந்தம்மா ஜாம் போட்டதில்லை,” என்று எழுத்தாளரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட்டு, மேலே படிக்கச் சொன்னார். அடுத்து வாசித்த நாவலில், வேறோர் எழுத்தாளர், அந்த விளிம்பைத் துடைப்பதை எழுதியிருந்தார். அத்தையின் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன். நுணுக்கம் தெரிந்து எழுதிய ஒரு வரி, தெரிந்தவரின் மனத்தில் எவ்வளவு நம்பிக்கையை உண்டாக்குகிறது!

இந்தக் கதைகளில் முதியோருக்கு இடமுண்டு என்பதையும் நான் பெரிதாக மதிக்கிறேன். பெரிய வீட்டை ஒட்டியே தாத்தாவுக்கும் பாட்டிக்கும் ஒரு சிறிய வீடு கட்டிக்கொடுப்பது ஆமிஷ் வழக்கம். நிலத்தை மகன் கையில் ஒப்படைத்த பிறகு அவர்கள் அங்கே குடியேறுவார்கள். நாவல்களில் குடும்பத்தின் முடிச்சுகள் அவிழ்வதும் இறுகுவதும் பெரும்பாலும் அந்தச் சிறிய வீட்டின் அடுக்களையில்தான். மரணமும் வீட்டிலேயே நிகழ்கிறது. அயலார் வந்து மாடு கறக்கிறார்கள், சவப்பெட்டி செய்கிறார்கள், துக்க வீட்டாரை அடுப்பு மூட்ட விடுவதில்லை.

காதலுக்கு ஒரு மெய்யான தடை இருப்பதும் இக்கதைகளின் பலம். காதல் கதை என்றால் நடுவில் ஒரு சுவர் வேண்டும். இன்றைய மேலைநாட்டு நாவலில் அந்தச் சுவரைக் கட்டுவதற்கு எழுத்தாளர் படாத பாடு படவேண்டியிருக்கிறது. ஆமிஷ் கதையிலோ ஞானஸ்நானத்தின்போது முழந்தாளிட்டுச் செய்த உடன்படிக்கை என்ற சுவர் ஏற்கெனவே நிற்கிறது. ‘நான் கொடுத்த வாக்கு என்னை ஆளுமா, என் மனம் என்னை ஆளுமா?’ என்று ஒரு 20 வயதுப் பெண் தன்னைத்தானே கேட்டுக்கொள்வதை இந்த நாவல்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. வாக்கு என்பதைத் தளை என்று சொல்லிக் கடந்துபோகாமல், கனமான பொருளாகக் கையில் ஏந்திப் பார்க்கின்றன. அதற்காக நான் நன்றியுள்ளவளாக இருக்கிறேன்.

ஆனால் அந்தக் கனத்தைக் கடைசிவரை சுமக்க அவற்றால் முடிவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

இந்த வகை நாவல் இன்றைய வடிவில் பெருகியது பெவர்லி லூயிஸ் 1997இல் ‘தி ஷன்னிங்’ என்ற நாவலை வெளியிட்ட பிறகுதான். வலேரி வீவர்-ஸெர்ச்சர் என்பவர் 2013இல் இவ்வகை நாவல்களைப் பற்றி ஓர் ஆய்வுநூலே எழுதினார். அவருடைய கணக்கின்படி 2012ஆம் ஆண்டில் மட்டும் 85 புதிய ஆமிஷ் காதல் நாவல்கள் வெளிவந்தன. ஏறக்குறைய நான்கு நாளைக்கு ஒன்று. எழுதுபவர்களில் பெரும்பாலோர் ஆமிஷ் அல்லர். சுவிசேஷச் சபைகளைச் சேர்ந்த பெண்கள். வாசிப்பவர்களிலும் அவர்களே அதிகம். லிண்டா பைலரைப் போல ஆமிஷ் சபைக்குள்ளேயே இருந்துகொண்டு எழுதுபவர்கள் மிகச் சிலர். வெளியிலிருந்து எழுதுவதே குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் இலக்கியத்தில் பாதியை எரிக்க வேண்டியிருக்கும். வெளியிலிருந்து வருபவர் தம் இருதயத்தையே கொண்டுவந்து அங்குள்ளவர்களின் மார்புக்குள் வைத்துவிடுவதுதான் பிழை.

இதை நான் உணர்ந்தது எட்டாவதோ ஒன்பதாவதோ நாவலில். கதாநாயகி ஒரு மூப்பரின் மகள். தன் சபையார் ஜெர்மன் மொழியில் வாசிக்கும் வேதம் தனக்குள் இறங்கவில்லை என்று தவிக்கிறாள். யாரோ கொடுத்த ஆங்கில வேதாகமத்தை மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்துப் படிக்கிறாள். ஒரு நள்ளிரவில் கண்ணீரோடு ஜெபித்து, ‘நான் இரட்சிக்கப்பட்டேன்’ என்ற நிச்சயத்தைப் பெறுகிறாள். அந்த அத்தியாயத்தைத் தமிழில் சொல்வதற்கு எனக்கு ஒரு கணமும் தயங்க வேண்டியிருக்கவில்லை. இரட்சிப்பின் நிச்சயம், தனிப்பட்ட உறவு, உள்ளத்தில் அழைத்தல் என்று நம் ஊர்க் கன்வென்ஷன் பந்தலில் கேட்டுக் கேட்டுப் பழகிய சொற்கள் வரிசையாக வந்து விழுந்தன. அவ்வளவு எளிதாக வந்ததே எனக்குச் சந்தேகத்தை எழுப்பியது. ஓர்ட்னுங்கைப் பழையபடியே காத்துவரும் ‘பழைய ஒழுங்கு’ ஆமிஷ் மக்கள் அப்படிப் பேசுவதில்லை. ‘நான் இரட்சிக்கப்பட்டுவிட்டேன்’ என்று ஒருவர் தாமே அறிவிப்பது அவர்கள் பார்வையில் பெருமையின் அடையாளம். தீர்ப்பு தேவனுடையது, நமக்கு இருப்பது பேதுருவின் நிருபம் சொல்லும் ‘ஜீவனுள்ள நம்பிக்கை’ மட்டுமே என்பார்கள். 1960களில் ஒஹையோவில் தனியே பிரிந்த புதிய ஒழுங்கு ஆமிஷ் சபைகள் நிச்சயத்தைப் போதிப்பது உண்மைதான். ஆனால் நாவல்கள் பெரும்பாலும் காட்டுவது பழைய ஒழுங்கினரை. அவர்களுடைய மிகப் பெரிய பாவத்தை அவர்களுடைய மகளின் மிகப் பெரிய வெற்றியாகக் கதை முடித்துவைக்கிறது. இதை வாசிக்கும் பெண், இன்னொரு மக்களின் விசுவாசத்தைச் சந்திப்பதே இல்லை. தன் முகத்துக்கே ஒரு வெள்ளைத் தொப்பியை அணிவித்துப் பார்த்துக்கொள்கிறாள்.

ஆமிஷ் ஆன்மிகத்தின் மையச் சொல் ‘கெலாஸன்ஹைட்’. ஆய்வாளர்கள் அதை ஆங்கிலத்தில் விளக்கப் பத்தி பத்தியாக எழுதுகிறார்கள். தமிழ்க் கிறிஸ்தவரிடம் அதற்கு ஒரே சொல் இருக்கிறது: ஒப்புக்கொடுத்தல். தன் சித்தத்தைத் தேவனுக்கும், தேவனுடைய பெயரால் சபைக்கும் ஒப்புக்கொடுப்பது. அவர்கள் ஊழியரைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பார்த்தால் இது விளங்கும். சபையார் முன்மொழிந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டுப்புத்தகம் வைக்கப்படும். ஒரு புத்தகத்துக்குள் மட்டும் ஒரு வசனம் எழுதிய துண்டுச் சீட்டு இருக்கும். அதை எடுத்தவர் அந்த நொடி முதல் சாகும்வரை சம்பளமில்லாத ஊழியர். மறுக்க முடியாது. பல வீடுகளில் அன்று மனைவி அழுவாள் என்கிறார்கள். இத்தகைய ஒரு காட்சியை உள்ளிருந்து எழுதினால் எவ்வளவு பெரிய நாவல் கிடைக்கும்! நான் படித்த 14இல் ஒன்றில் அது அரைப் பக்கம் வந்தது. அதுவும் கதாநாயகனைப் பற்றி, அவன் மனம் என்ன விரும்பியது என்பதைச் சொல்வதற்காக.

மன்னிப்பைப் பற்றி எழுதும்போதும் இதே தளர்ச்சிதான். 2006ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் கவுண்டியில், நிக்கல் மைன்ஸ் என்னும் ஊரின் ஓரறைப் பள்ளிக்குள் புகுந்த ஒருவர் 10 சிறுமிகளைச் சுட்டார். 5 பேர் இறந்தனர். அவரும் தம்மைச் சுட்டுக்கொண்டு இறந்தார். அன்று மாலையே ஆமிஷ் பெரியவர்கள் அவருடைய மனைவியைத் தேடிப்போய், உங்கள்மேல் எங்களுக்குக் கோபமில்லை என்றார்கள். அவருடைய அடக்கத்துக்கு வந்தவர்களில், சில நாள்களுக்கு முன் தம் பிள்ளைகளைப் புதைத்த பெற்றோரும் இருந்தார்கள். உலகம் இதைக் கேட்டு வியந்தது. பரமண்டல ஜெபத்தை நாள்தோறும் சொல்பவர்கள், ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்ற வரியை அதன் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் அவர்கள் தந்த விளக்கம். ஆனால் அந்தப் பெற்றோர் பிற்பாடு சொன்னதை நான் இன்னும் ஆழமாக நினைக்கிறேன். மன்னித்தல் ஒரே நாளில் முடிந்துவிடவில்லை, காலையில் எழுந்து மறுபடியும் மன்னிக்க வேண்டியிருந்தது என்றார்கள். சுட்டவரின் தாய், தலையில் குண்டுபட்டுச் சக்கர நாற்காலியில் முடங்கிய ஒரு சிறுமியைப் பராமரிக்க வாரந்தோறும் அந்த வீட்டுக்குப் போய்வந்தார். அந்த வீட்டின் கதவை வாராவாரம் திறந்துவிட்ட கை எப்படி இருந்திருக்கும்!

நாவல்களில் மன்னிப்பு வேறு விதமாக வருகிறது. முதல் அத்தியாயத்தில் கசப்பு, நடுவில் ஒரு விபத்தோ கடிதமோ, கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் கண்ணீர், மறுநாள் கல்யாணம். மனம் லேசானதும் மன்னிப்பு முடிந்துவிடுகிறது. ஆமிஷ் மக்களோ மனம் கனத்திருக்கும்போதே மன்னிப்பைச் செய்துவிட்டு, மனம் பின்னால் வந்துசேரட்டும் என்று காத்திருப்பவர்கள். இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் புரிந்துகொண்டு எழுதியிருந்தால், அந்த 14இல் பாதி நாவல்களின் முடிவு மாறியிருக்கும்.

அதே சமயம், மன்னிப்பை இவ்வளவு உயரத்தில் வைக்கும் ஒரு சமூகத்தில், அடிபட்ட பெண்ணையும் சீரழிக்கப்பட்ட சிறுமியையும் ‘மன்னித்துவிடு’ என்று சொல்லி வாயடைத்த நிகழ்வுகள் உண்டு என்பதை அமெரிக்க நீதிமன்ற வழக்குகள் காட்டியிருக்கின்றன. இந்த நாவல்கள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. திரும்பும் ஒன்றிரண்டிலும் கெட்டவன் வெளியூரிலிருந்து வந்தவனாக இருக்கிறான். எந்தச் சபையானாலும் இந்த மௌனம் எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்தவர்கள் கிறிஸ்தவப் பெண்கள்தாம். ஆகையால் கிறிஸ்தவப் புனைகதைதான் அதை முதலில் எழுத வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன்.

அட்டைகளைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. ஆமிஷ் மக்கள் தங்களைப் படம் பிடிக்க நின்றுகொடுப்பதில்லை. அப்படியிருக்க ஒவ்வோர் அட்டையிலும் ஒரு மாடல் பெண் தொப்பியணிந்து வயல் நடுவே நிற்கிறாள். தேயிலைக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளும் சுற்றுலாப் பயணிகளைத் தினமும் பார்க்கும் எனக்கு அந்த அட்டைகள் வலிக்கின்றன. கூடையைச் சுமந்து உண்மையிலேயே கொழுந்து பறிப்பவளின் தோள்பட்டை எப்படிக் காய்த்திருக்கும் என்று எனக்குத் தெரியும். உள்ளடக்கத்திலும் அதே குறைதான். நாவலில் எல்லோரும் விவசாயிகள். நிலவிலை ஏறிப்போனதால் இன்று பல குடியேற்றங்களில் விவசாயத்தை நம்பி வாழ்பவர்கள் சிறுபான்மையினர். இந்தியானாவில் பெருந்தொகையான ஆமிஷ் ஆண்கள் ஊர் சுற்றுவதற்கான வீட்டு வண்டிகளைச் செய்யும் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். சம்பள நாளில் அப்படிப்பட்ட வீட்டின் உரையாடல் எப்படியிருக்கும் என்று எந்த நாவலும் எனக்குச் சொல்லவில்லை. பசுந்தேயிலை விலை விழுந்த ஆண்டில் சிறு விவசாயிகளின் வீடுகளில் ஜெபம்கூட மாறிப்போனதை நேரில் பார்த்தவள் நான்.

ஒன்றைச் சொல்லத் தயங்கினேன். ஆனால் தமிழில் இதை எழுதும்போது அதை விட்டுவிட்டால் நேர்மையாகாது. ‘வெளியாளைக் கட்டக் கூடாது’ என்று குடும்பம் மகளைத் தடுக்கும் காட்சிகளை நான் வாசிக்கும்போது, அமெரிக்க வாசகிக்கு எழும் இனிய சோகம் எனக்கு எழுவதில்லை. இங்கே அந்தச் சொற்களுக்குச் சாதி என்று பெயர். ஆமிஷ் எல்லை பிறப்பால் வருவதன்று, வாக்கால் வருவது என்று வாதிடலாம். அதில் உண்மையும் உண்டு. ஞானஸ்நானம் பெறுமுன் விலகிப்போகும் பிள்ளையைச் சபை விலக்கி வைப்பதில்லை. வாக்குக் கொடுத்துவிட்டு மீறியவருக்கே விலக்கு. பல நாவல்கள் இந்த வேறுபாட்டையே குழப்பிவிடுகின்றன. ஆனால் எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திய ஒரு பிள்ளைக்கு அந்த வாக்கைக் கொடுக்காமலிருக்க எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது? 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆமிஷ் பெற்றோர் தம் பிள்ளைகளை எட்டாம் வகுப்புக்குமேல் அனுப்பத் தேவையில்லை என்று தீர்ப்பளித்தபோது, நீதிபதி டக்ளஸ் மட்டும், அந்தப் பிள்ளைகளுக்கு என்ன விருப்பம் என்று கேட்டோமா என்று மாறுபட்டு எழுதினார். அவர் கேட்ட அந்தக் கேள்வியை ஒரு நாவலாசிரியர் கையில் எடுத்தால் அதை நான் விடிய விடிய வாசிப்பேன்.

இனி, விலக்கைப் பற்றி. 1994இல் என் அத்தை மகள், சபைக்கு வெளியே ஒருவரைக் காதலித்து, வேறோர் ஆலயத்தில், தாலியும் நகையும் அணிந்து மணந்துகொண்டாள். ஞானஸ்நானம் பெற்றவள் என்பதால் சபை அவளை நீக்கியது. அத்தோடு நிற்கவில்லை. ‘அப்படிப்பட்டவனுடனே புசிக்கவும் கூடாது’ என்ற பவுலின் சொல்லைக் காட்டி, மகளோடு ஒரே பந்தியில் உட்காரக் கூடாது என்று அத்தைக்கும் மாமாவுக்கும் சொன்னார்கள். அம்மான் எடுத்துக்காட்டிய அதே வசனம். மகள் மே விடுமுறைக்குக் கைக்குழந்தையோடு வருவாள். அத்தை அவளுக்குப் பிடித்த அவரைக்காய்ச் சாம்பாரும் உருளைக்கிழங்கும் சமைப்பார். கூடத்தில் அவளுக்குப் பரிமாறுவார். பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய், நிலைப்படிக்கு அந்தப் பக்கம் தரையில் உட்காருவார். கதவை மட்டும் சாத்த மாட்டார். மகள் கூடத்தில் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருவாள். நடுவே நாலு அங்குல மரம். இப்படி ஆறு ஆண்டுகள். எந்த நாளிலும் ஒருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அப்படிச் சொன்ன சபை மூப்பர் இடம் மாறிப் போனார்; வந்தவர் விசாரிக்கவில்லை; ஒரு மே மாதம் அத்தை தட்டோடு கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணீர், தழுவல், மன்னிப்பு எதுவும் நடக்கவில்லை. மகள் ஊறுகாயை நகர்த்தி வைத்தாள்.

நாவல்களில் விலக்கப்பட்ட மகள் வீட்டுக்கு வரும் காட்சி தவறாமல் உண்டு. மூலையில் அவளுக்கென ஒரு தனி மேஜை, கல்லைப் போன்ற தகப்பன், விசும்பும் தாய். கடைசியில் தகப்பன் மனமுடைந்து எழுந்து வருவான். அல்லது மகள் விடுதலையோடு வெளியேறுவாள். விதியை மீறுவது அல்லது விட்டு ஓடுவது என்ற இரண்டையன்றி மூன்றாவது வழி இந்த எழுத்தாளர்களுக்குத் தெரிவதில்லை. விதியைக் காத்துக்கொண்டே அன்பையும் காப்பதற்கு எளிய மனிதர்கள் கண்டுபிடிக்கும் வழிகள்தாம் அந்த வாழ்க்கையின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

ஆமிஷ் வாழ்வை ஆராய்ந்தவர்கள் குறித்துவைத்த ஒரு வழக்கத்தை அண்மையில் படித்தேன். சில வீடுகளில், விலக்கப்பட்ட பிள்ளை வரும்போது, இரண்டு மேஜைகளைச் சில அங்குல இடைவெளி விட்டுப் போடுவார்களாம். பிள்ளை ஒரு மேஜையில், பெற்றோர் மற்றொன்றில். ஒரே மேஜையில் உண்ணவில்லை என்பதால் ஒழுங்கு காக்கப்பட்டுவிடும். பிறகு இரண்டு மேஜைகளுக்கும் சேர்த்து ஒரே விரிப்பை விரித்துவிடுவார்கள். நான் படித்த ஒரு நாவலிலும் இது இல்லை.

அன்று மாலை நாவலை மூடிவைத்துவிட்டு இதை அத்தைக்குச் சொன்னேன். கணப்பில் விறகு சரிந்தது. அத்தை குனிந்து அதை இடுக்கியால் நிமிர்த்தி வைத்தார்.

“துணி ஒண்ணுதானே?” என்று கேட்டார்.

“ஆமா அத்தை. மேஜைதான் ரெண்டு.”

“கீழ இடைவெளி இருக்கிறது கையால தடவினாத்தான் தெரியும்,” என்றார். மடியில் இருந்த கம்பளியை உள்ளங்கையால் மெல்லத் தடவி நேராக்கினார். பிறகு, விட்ட இடத்திலிருந்து படிக்கச் சொன்னார்.